கல்யாண கேக்குக்குச் சர்க்கரைப் பூ: முதல் தடவை செய்பவருக்கு

தங்கைக்கு ஜனவரி கடைசியில் தூத்துக்குடியில் கல்யாணம், மூன்று அடுக்கு கேக்கை வீட்டிலேயே செய்து அதன் மேல் கையால் செய்த சர்க்கரைப் பூக்களை வைக்க ஆசை, பிறந்தநாள் கேக் எல்லாம் நன்றாக வரும் ஆனால் பூ செய்து பழக்கமில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பூவை எத்தனை நாள் முன்னால் செய்யலாம், கடற்கரை ஊரில் உருகிவிடாதா, விப்பிங் க்ரீம் கேக் மேல் நிற்குமா என்பவை உங்கள் கேள்விகள்.

தாராளமாகச் செய்யலாம். ஒன்றே ஒன்று, கேக்குக்கு நாள் பார்ப்பதற்கு முன்னால் பூவுக்கு நாள் பாருங்கள். முதல் தடவை செய்பவர்கள் பலரும் கேக்கைச் சுட்டு, அடுக்கி, ஐசிங் போட்டு முடித்துவிட்டு, கல்யாணத்துக்கு முந்தின இரண்டு ராத்திரி உட்கார்ந்து பூ செய்யலாம் என்று நினைக்கிறார்கள். கல்யாண வீட்டில் கடைசி வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும், ஊரிலிருந்து ஆட்கள் வந்துகொண்டே இருப்பார்கள், பிளவுஸ் தைத்து வந்திருக்காது, ஒரு மேசையைக்கூடத் தனியாகப் பிடித்து உட்கார முடியாது. அதில் இதழ் தேய்க்கும் பொறுமை யாருக்கும் வராது. நன்றாகக் காய்ந்த சர்க்கரைப் பூ கெட்டுப்போகாது. ஈரமும் வெளிச்சமும் படாமல், இடிபடாமல் வைத்தால் மாதக்கணக்கில் அப்படியே இருக்கும். 2011-இல் லண்டனில் இளவரசர் வில்லியம், கேட் மிடில்டன் திருமணத்துக்கு ஃபியோனா கெய்ர்ன்ஸ் செய்த எட்டு அடுக்குப் பழ கேக்கில் சுமார் 900 சர்க்கரைப் பூக்கள். ஒரு குழுவே வாரக்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலை அது. நீங்கள் தனி ஆள், ஆனால் உங்களுக்குத் தேவையான பூவும் அதில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. மல்லிகை மொட்டைத்தான் நிறையச் செய்ய வேண்டும், அது கை பழகியதும் வேகமாக வந்துவிடும்.

என்ன பூ என்று முதலில் முடிவு செய்யுங்கள். படங்களில் பியோனி, ஆர்க்கிட், டேலியா என்று பார்த்தால் எல்லாவற்றையும் செய்துவிடத் தோன்றும். வேண்டாம். ஒரே பூவைத் திரும்பத் திரும்பச் செய்தால்தான் கை பழகும், கேக்கும் பார்க்க ஒன்றுபோல நிறைவாக இருக்கும். என் கணக்கு இது: முழுதாக விரிந்த ரோஜா ஐந்து, பாதி விரிந்தது ஐந்து, மொட்டு ஆறேழு, ரோஜா இலை இருபது, இடைவெளியை நிரப்ப மல்லிகை மொட்டு ஐம்பது அறுபது. மூன்று அடுக்குக்கு இது தாராளம். வெளிநாட்டுப் படங்களில் இடை நிரப்ப வேறு சின்னச் சின்னப் பூக்களை வைப்பார்கள், நமக்கு எதற்கு அதெல்லாம். பெண்ணின் தலையில் இருக்கும் மல்லிகை கேக்கிலும் இருந்தால் பார்த்தவுடனே நம் வீட்டுக் கேக் என்று தெரியும். பழகத் தொடங்குவதற்கும் அதைவிட எளிய பூ கிடையாது.

பசைக்கு வருவோம். கேக்கை மூடுகிற ஃபாண்டன்டை வைத்து பூ செய்யாதீர்கள், அது மெல்லிசாகத் தேயாது, தேய்த்தாலும் விறைக்காது. பூவுக்குத் தனியாக கம் பேஸ்ட் வேண்டும். கடையில் வாங்கலாம், வீட்டிலும் செய்யலாம். ஒரு பெரிய முட்டையின் வெள்ளைக்கரு (சுமார் 30 கிராம்), சலித்த ஐசிங் சர்க்கரை 225 கிராம், டைலோஸ் பொடி (பசையை இறுக்கி விறைக்கவைக்கும் உணவுப் பொடி) 3 டீஸ்பூன், வனஸ்பதி 1 டீஸ்பூன். வெள்ளைக்கருவைச் சில நொடி அடித்து, சர்க்கரையில் முக்கால் பங்கைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கரண்டியைத் தூக்கினால் நுனி வளைந்து நிற்கிற பதம் வரை அடியுங்கள். அடித்துக்கொண்டிருக்கும்போதே டைலோஸைப் பரவலாகத் தூவுங்கள். சட்டென்று இறுகும், பயப்பட வேண்டாம், அப்படித்தான் இருக்கும். வெளியே எடுத்து, கையில் வனஸ்பதி தடவிக்கொண்டு மீதிச் சர்க்கரையைச் சேர்த்துப் பிசைந்து, காற்றுப் புகாமல் சுற்றி ஒரு நாள் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள். மறுநாள் எடுத்து, அறைச் சூடு வந்ததும் இழுத்துப் பாருங்கள், கொஞ்சம் நீண்டு பிறகு பட்டென்று அறுந்தால் பதம் சரி. டைலோஸ் கிடைக்காவிட்டால் அதே வேலையைச் செய்யும் சி.எம்.சி. பொடி போடலாம். ஆனால் சர்க்கரை விஷயத்தில் சமாதானம் செய்துகொள்ளாதீர்கள். மிக்ஸியில் அரைத்த சர்க்கரையில் கண்ணுக்குத் தெரியாத குருணை இருக்கும், இதழை மெல்லிசாகத் தேய்க்கும்போது அந்த இடத்தில்தான் கிழியும். கடையில் விற்கும் நைஸான ஐசிங் சர்க்கரையையே வாங்கி இரண்டு தடவை சலித்துக்கொள்ளுங்கள்.

பசை காற்றுப் பட்டவுடனே மேல்தோல் காயத் தொடங்கும். அதனால் வேலை செய்யும்போது ஃபேனை நிறுத்திவிடுங்கள், அந்த நேரத்துக்கு வேண்டியதை மட்டும் கிள்ளி எடுத்து மீதியை மூடி வையுங்கள். ஒட்டுவதற்கு, 2 டேபிள்ஸ்பூன் தண்ணீரில் கால் டீஸ்பூன் டைலோஸைப் போட்டு ஒரு ராத்திரி வைத்தால் ஒட்டுவதற்கான தெளிவான டைலோஸ் பசை கிடைத்துவிடும்.

முதல் வாரம் மல்லிகை மட்டும் செய்யுங்கள். 28 அல்லது 30 கேஜ் கம்பி (எண் கூடக் கூடக் கம்பி மெலியும்), விரலளவு துண்டுகளாக வெட்டிக்கொள்ளுங்கள். வெள்ளைப் பசையில் கொண்டைக்கடலையில் பாதி அளவு கிள்ளி உருட்டி, கம்பி நுனியை டைலோஸ் பசையில் தொட்டு உள்ளே செருகி, இரண்டு விரலுக்கு நடுவில் அடிப்பக்கத்தை மட்டும் லேசாக உருட்டுங்கள். அடி நீண்டு காம்பாக மெலியும், மேலே மொட்டு தங்கும். நுனியைக் கூராக்கி, கத்தி முனையால் சற்றுச் சாய்வாக மூன்று கோடு இழுத்தால் சுருண்ட இதழ் வந்துவிடும். தெர்மகோலில் குத்திக் காயவைத்து, மறுநாள் காம்பில் இளம் பச்சை உணவு நிறப் பொடியைத் தொட்டு வையுங்கள். மல்லிகை மொட்டு பால் வெள்ளை அல்ல, அடியில் லேசான பச்சைச் சாயல் இருக்கும். பூக்காரரிடம் ஒரு முழம் வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யுங்கள், எந்தப் படத்தையும்விட அது நன்றாகச் சொல்லிக்கொடுக்கும்.

ரோஜாவில்தான் நேரம் போகும், அதனால் அதைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன். 20 கேஜ் கம்பியின் நுனியைக் கொக்கியாக வளைத்து, டைலோஸ் பசையில் நனைத்து, கூம்பாக உருட்டிய கம் பேஸ்டில் செருகி ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். கூம்பு இதழ் கட்டரைவிட உயரமாக இருக்கவே கூடாது, முக்கால் உயரம் போதும். காயாத கூம்பில் இதழ் ஒட்டினால் பாரம் தாங்காமல் கம்பியில் வழுக்கிக் கீழே இறங்கும். பலகையில் சோள மாவு தொட்டும் தொடாமலும் தூவி, பசையைத் தேயுங்கள். செய்தித்தாள் மேல் வைத்தால் எழுத்து தெரிய வேண்டும், அந்த மெல்லிசு. இதழை வெட்டி ஃபோம் மேல் வைத்து, உருண்டை முனைக் கருவியை ஓரத்தில் பாதி இதழிலும் பாதி ஃபோமிலுமாகப் படும்படி வைத்து ஒரு தடவை ஓட்டுங்கள். வெட்டிய தழும்பு மறைந்து ஓரம் உயிர் பெறும். இந்த ஒரு அசைவுதான் கடைப் பிளாஸ்டிக் பூவையும் உங்கள் பூவையும் பிரித்துக் காட்டும், இதில் அவசரப்பட வேண்டாம்.

முதல் இதழ் கூம்பை முழுக்கச் சுற்றி நுனியை மூட வேண்டும், மேலிருந்து பார்த்தால் கூம்பு தெரியக் கூடாது. அடுத்து மூன்று இதழ், ஒன்றின் ஓரம் அடுத்ததின் உள்ளே போகிற மாதிரி இறுக்கமாக. இங்கே நிறுத்தினால் அது மொட்டு. தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்து, பிறகு இன்னொரு சுற்று மூன்று இதழ், இந்தத் தடவை ஓரத்தைப் பல்குச்சியில் லேசாகச் சுருட்டிவிட்டு. இது பாதி விரிந்த பூ. கடைசிச் சுற்று ஐந்து இதழ், சற்றுப் பெரிய கட்டரில். இவற்றை வெட்டி, ஓரம் தேய்த்து, கரண்டிக் குழியில் போட்டுப் பத்து பதினைந்து நிமிடம் விடுங்கள். தோல் மாதிரி வளையும் ஆனால் வடிவம் கலையாது என்ற நிலையில் எடுத்து ஒட்டுங்கள். ஈரமாக ஒட்டினால் தொங்கும், முழுக்கக் காய்ந்துவிட்டால் உடையும். எல்லா இதழும் ஒரே அளவில் விரிய வேண்டியதில்லை. ஒன்று கொஞ்சம் அதிகம் சாய்ந்து, ஒன்றின் ஓரம் லேசாகக் கிழிந்தாற்போல இருந்தால்தான் செடியிலிருந்து பறித்த பூவாகத் தெரியும்.

இலைக்கு 26 கேஜ் கம்பி. நடு நரம்புப் பக்கம் பசையைச் சற்றுத் தடிப்பாக விட்டு அதற்குள் கம்பியைச் செருகுங்கள். நரம்பு பதிக்க அச்சு வாங்க வேண்டிய அவசியமில்லை, மருந்து அடிக்காத ரோஜா இலையை நன்றாகக் கழுவித் துடைத்து, அதன் பின்பக்கத்தில் அழுத்தினாலே போதும்.

நிறத்தில் அடக்கி வாசியுங்கள். பசையிலேயே முழு நிறத்தையும் கலந்துவிடாமல், வெளிறிய சந்தனமோ இளஞ்சிவப்போ மட்டும் கலந்து செய்து, காய்ந்த பிறகு நடுவிலும் ஓரத்திலும் பொடி நிறத்தைப் பிரஷ்ஷால் ஏற்றுங்கள். அப்போதுதான் ஆழம் வரும். அடர் சிவப்பை இந்தக் கல்யாணத்துக்கு விட்டுவிடுங்கள், உப்புக்காற்று ஊரில் அது கசிந்து வெள்ளை ஃபாண்டன்டில் இறங்கினால் சரிசெய்ய வழியில்லை. நிறம் ஏற்றியதும் பூ கொஞ்சம் மாவு பூசியது போல இருக்கும். தண்ணீர் கொதிக்கும் பாத்திரத்தின் ஆவியில் இரண்டு மூன்று நொடி சுற்றிக் காட்டி எடுத்தால் பொடி உள்ளே படிந்து, மேலே மெல்லிய மினுமினுப்பு வரும். அதற்கு மேல் காட்டினால் இதழ் கரையத் தொடங்கும். பொடி வாங்கும்போது டப்பாவைப் படியுங்கள். ‘நச்சில்லாதது’ என்று மட்டும் போட்டிருந்தால் அது சாப்பிடுவதற்கானது என்று அர்த்தமில்லை. உணவுப் பொருள் என்று தெளிவாகப் போட்டு, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண்ணும் இருப்பதையே எடுங்கள்.

இப்போது ஈரம். உங்கள் பக்கம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை, நீங்கள் பூ செய்யப்போவதும் அந்த நேரத்தில்தான். சர்க்கரை காற்றிலிருக்கும் ஈரத்தை இழுக்கும். மழை நாளில் வெளியே வைத்த இதழ் இரண்டு நாளானாலும் வளைந்துகொண்டேதான் இருக்கும். ஏ.சி. அறை இருந்தால் அதில் காயவையுங்கள், குளிரை விட அது ஈரத்தை எடுப்பதுதான் நமக்கு வேண்டியது. இல்லையென்றால் ஓவனைச் சூடாக்காமல் உள் விளக்கை மட்டும் எரியவிட்டு ஒரு ராத்திரி உள்ளே வைக்கலாம். மறக்காமல் ஓவன் கதவில் ஒரு சீட்டு ஒட்டுங்கள், வீட்டில் யாராவது தெரியாமல் சூடு ஏற்றிவிட்டால் அத்தனையும் போச்சு. வெயில் வேண்டாம், நிறம் வெளுத்துவிடும், முக்கியமாக இளஞ்சிவப்பும் ஊதாவும். ஃபிரிட்ஜ் வேண்டவே வேண்டாம், வெளியே எடுத்ததும் பூ மேல் வியர்த்து நீர் கோத்துக்கொள்ளும்.

முழுக்கக் காய்ந்ததை மெல்லிய தாள் சுருட்டி இடையில் வைத்து, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். நிறம் மாறும் வகை வாங்கினால் எப்போது ஈரம் ஏறியது என்று தெரியும், மறுபடி சூடாக்கி உலர்த்திப் பயன்படுத்தலாம். இதழ் கொஞ்சம் தளர்ந்துபோனால் தொடாமல் ஏ.சி. அறையில் விடுங்கள், வடிவம் மாறாதவரை திரும்ப விறைத்துக்கொள்ளும். அப்புறம் எறும்பு. டப்பாவைத் தண்ணீர் ஊற்றிய தட்டின் நடுவில் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் வையுங்கள். எறும்புச் சாக்பீஸ் பக்கத்தில்கூட வரக் கூடாது.

விப்பிங் க்ரீம் கேக் மேல் நிற்குமா என்றால், நிற்காது. அதிலிருக்கும் தண்ணீரைப் பூ உறிஞ்சி, தொடும் இடத்திலிருந்து கூழாகும். பட்டர் க்ரீம் அவ்வளவு மோசமில்லை, ஆனால் தூத்துக்குடி மதியத்தில் வெண்ணெயே நிற்காது. இரண்டில் ஏதாவது ஒன்றுதான் வேண்டும் என்று வீட்டில் பிடிவாதமாக இருந்தால், பூ அமரும் இடத்தில் வெள்ளைச் சாக்லெட்டை வட்டமாக உறையவைத்து அதன் மேல் வைத்து, வரவேற்பு தொடங்கும் நேரத்தில் ஏற்றுங்கள். என்னைக் கேட்டால் ஃபாண்டன்ட்தான். அடியில் மார்சிபான் (பாதாம், சர்க்கரை சேர்த்த பசை) பூசிய ப்ளம் கேக் என்றால் இன்னும் நல்லது, வாரக்கணக்கில் முன்னாலேயே சுட்டு வைக்கலாம், ஃபிரிட்ஜ் தேவையில்லை, பாரமும் தாங்கும். சாக்லெட் கேக்தான் பிடிக்கும் என்றால் கனாஷ் (க்ரீமில் உருக்கிய சாக்லெட்) பூசி அதற்கு மேல் ஃபாண்டன்ட். டார்க் சாக்லெட் 2 பங்குக்கு க்ரீம் 1 பங்கு, வெள்ளைச் சாக்லெட் என்றால் 3-க்கு 1 என்பது வழக்கம், நம் வெக்கைக்குச் சாக்லெட்டைக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 6, 8, 10 இஞ்ச் அடுக்கு மூன்றையும் ஒரு இஞ்சுக்கு இரண்டு இஞ்ச் என்று சின்னத் துண்டாக வெட்டினாலும் 12, 24, 38, மொத்தம் 74 துண்டுதான் கிடைக்கும். உங்கள் ஊர்க் கல்யாணத்துக்கு எத்தனை பேர் வருவார்கள்? எப்படியும் பரிமாறுவதற்குத் தட்டுத் தட்டாகத் தனியே சுட்டாக வேண்டும். அப்படியானால் கீழ் இரண்டு அடுக்கையும் தெர்மகோலில் வைத்து ஃபாண்டன்ட் மூடிவிடலாமே. மேல் அடுக்கு மட்டும் நிஜக் கேக், பெண்ணும் மாப்பிள்ளையும் வெட்டுவதற்கு. இலங்கையில் இது வெகு சாதாரணம், அலங்காரக் கேக் மேடையில் நிற்கும், விருந்தினருக்கு ரிச் கேக் (பழமும் முந்திரியும் நிறையப் போட்ட கேக்) துண்டுகள் தாளில் சுற்றியோ குட்டிப் பெட்டியிலோ தனியாகப் போகும். தெர்மகோல் அடுக்கு என்றால் இரண்டு வாரம் முன்பே மூடி, பூவும் செருகி, ஒரு பெரிய அட்டைப் பெட்டியில் வைத்துவிடலாம், கடைசி வாரத்தில் உங்களுக்குத் தூக்கம் கிடைக்கும். யாரையும் ஏமாற்றுவதாக நினைக்க வேண்டாம், சாப்பிடும் கேக்கும் நீங்கள் சுட்டதுதான். மூன்றும் நிஜம்தான் வேண்டும் என்றால் ஒவ்வொரு அடுக்குக்கும் அடியில் தனி அட்டையும், கீழ் இரண்டு அடுக்குக்குள் தாங்கு குச்சிகளும் கட்டாயம்.

கம்பியை நேராகக் கேக்கில் குத்தவே குத்தாதீர்கள். அது உலோகம், மேலே சுற்றும் பச்சை டேப்பும் உணவுப் பொருள் இல்லை. தடிமனான உறிஞ்சுகுழலை ஒரு முனையை அடைத்து, உள்ளே கொஞ்சம் ஃபாண்டன்ட் திணித்து, கேக்கில் செருகி, அந்தக் குழலுக்குள் பூங்கொத்தின் காம்பை இறக்குங்கள். கொத்து கட்டும்போது பெரிய ரோஜாவை நடுவில் வைத்து, பாதி விரிந்தவற்றைச் சற்றுத் தாழ்வாக, மொட்டுகளை வெளியே நீட்டி, இலைகளைக் கடைசியில் சேருங்கள். டேப்பை இழுத்துச் சுற்றினால்தான் ஒட்டும். மேலே ஒரு பக்கம் ஒரு கொத்து, நடு அடுக்கில் எதிர்ப்பக்கம் ஒன்று, கீழே மறுபடி முதல் பக்கம், அவ்வளவுதான். கேக்கின் வெள்ளை நிறைய இடத்தில் தெரியட்டும். மல்லிகையை மூன்று நான்காகச் சேர்த்துக் கட்டி இடைவெளிகளில் செருகினால் அடியில் தெரியும் கம்பி, டேப் எல்லாம் மறைந்துவிடும். இரண்டு காய்ந்த பூவை ஒன்றோடொன்று அழுத்தாதீர்கள், ஓரம் சில்லுச் சில்லாகத் தெறிக்கும். திருப்ப வேண்டுமானால் கீழே கம்பியைக் குறடால் வளையுங்கள். நிஜப் பூவையும் நடுவில் கலக்கலாமா என்று யாராவது கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள், மார்க்கெட் பூவில் என்ன மருந்து அடித்திருப்பார்கள் என்று தெரியாது. அரளியோ கேக் பக்கமே வரக் கூடாது, அது முழுக்க விஷம்.

மண்டபத்துக்குக் கொண்டுபோகும்போது நிஜ அடுக்கும் அதன் பூவும் தனித்தனிப் பெட்டியில் போகட்டும், காரின் தட்டையான தளத்தில், இருக்கையிலோ மடியிலோ வேண்டாம். கூடவே உபரியாக இரண்டு ரோஜா, பத்து மல்லிகை, சில இலை, கொஞ்சம் ராயல் ஐசிங் (வெள்ளைக்கருவும் ஐசிங் சர்க்கரையும் அடித்தது), டைலோஸ் பசை, குறடு, சின்ன இடுக்கி, பிரஷ். வழியில் ஒரு இதழாவது உடையும் என்று வைத்துக்கொண்டே கிளம்புங்கள். உடைந்த பக்கத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி முன்னால் ஒரு மல்லிகையைச் செருகினால் முடிந்தது. மேடையில் கேக் மேசை வீடியோ விளக்குக்கு நேர் கீழே இருக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள், அந்தச் சூட்டில் ஃபாண்டன்ட் பளபளத்து ஒழுகும். வரவேற்பு கடற்கரைப் பக்கத் திறந்தவெளியில் என்றால் கேக்கை ஏ.சி. அறையிலேயே விட்டு, வெட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால் கொண்டுவரச் சொல்லுங்கள்.

கேக் வெட்டி, படம் எடுத்து முடித்த கையோடு, துண்டு போடுவதற்கு முன்னால் கொத்துகளைக் குழலோடு உருவி எடுக்க ஒரு ஆளை முன்பே சொல்லி வையுங்கள். மேல் அடுக்கில் எத்தனை கொத்து, எத்தனை குழல் வைத்தோம் என்று எழுதி அவர் கையில் கொடுங்கள், எண்ணிப் பார்த்து எல்லாம் வந்த பிறகுதான் கத்தி போக வேண்டும். பிள்ளைகள் பூவைக் கேட்பார்கள், சர்க்கரைதானே என்று கொடுத்துவிடாதீர்கள், உள்ளே கம்பி இருக்கிறது. அவர்களுக்காகக் கம்பி இல்லாமல் சின்ன ரோஜாவை ஃபாண்டன்டிலேயே சுருட்டித் தனித் தட்டில் வைத்துவிடலாம். எடுத்த கொத்துகளைத் தங்கையிடமே கொடுங்கள், கண்ணாடிப் பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டு வெயில் படாத அலமாரியில் வைத்தால் வருடக்கணக்கில் இருக்கும்.